மாதுமைக்கு யார் குரல்?

அந்தச் சரித்திர நாவலை மூன்றாவது தடவையாகத் தொலைக்காட்சி நாடகமாக எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். போன மாதம் உங்களில் இரண்டு பேர் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து, "முதல் ரெண்டு தரமும் நீங்கள் இருந்தனீங்கள்தானே மிஸ், அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கமராவை எங்கே வைத்தோம், கோட்டை மதிலை எதனால் செய்தோம், குதிரையை யாரிடம் வாடகைக்கு எடுத்தோம் என்பதெல்லாம் இதில் இராது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல நினைப்பது ஒரு குரலால் வந்த வில்லங்கத்தைத்தான்.

நாவலை வாசிக்காமல் இந்த வேலையில் சேர்ந்தவர்களும் உங்களில் இருக்கலாம், அவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன அரசு. வெளியே பறங்கியரின் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அரசர் இறந்துபோகிறார். கோட்டைக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவருடைய மகள் மாதுமையின் இடுப்பில் தொங்குகிறது. அதைக் கொடுத்துவிட்டு உயிர் தப்பலாம் என்று தளபதிகள் எல்லோரும் சேர்ந்து அவளிடம் வருகிறார்கள். அப்போது அவள் பேசுகிற பேச்சு புத்தகத்தில் ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் கொழும்பில் இந்த வெள்ளவத்தையிலேயே நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். பேச்சுப் போட்டியில் சொன்னவர்கள், கலியாண வீட்டில் வேடிக்கைக்குச் சொன்னவர்கள், இடம்பெயர்ந்து வந்த முகாமில் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள். அந்த நாவலைத் தொடுகிறவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அதுதான். அது எங்கள் கையில் இருக்கிற பிரதி மட்டும் இல்லை. வேறு ஆட்களின் தலைக்குள் வேறு வேறு குரல்களில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற நாடகம்.

முதல் தடவை எடுத்தபோது நான் உதவியாளர். தயாரிப்பாளராக இருந்தவரிடம்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவருக்கே பிடிக்காது. அப்போது மாதுமையாக நடித்தவர் கிராண்ட்பாஸைச் சேர்ந்த ஒரு பெண். முகம் அவ்வளவு பொருத்தம். குரல் மட்டும் மெல்லியது, கோட்டை வாசலில் நின்று பேசினால் நாலு அடி தள்ளி நிற்பவனுக்குக் கேட்காது. மேலிடத்தில் யோசித்து, வானொலி நாடகக் கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டுப் பின்னணிக் குரல் கொடுக்க வைத்தார்கள். நல்ல குரல்தான். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நடித்தவருக்கு அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆளுக்கு ஆள் தள்ளிப் போட்டார்கள்.

நாடகத்தின் முதல் பகுதி ஒளிபரப்பான அன்று அவர் தன் ஒழுங்கையில் குடியிருந்த அயலவர் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்திருக்கிறார். எல்லோரும் நிலத்தில் இருந்து பார்க்கிறார்கள். திரையில் அவருடைய முகம் வருகிறது, வாய் திறக்கிறது, வேறு யாரோ கதைக்கிறார்கள்.

அடுத்த நாள் அவர் தொலைபேசியில் எங்கள் தயாரிப்பாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சேர், அது ஆரின்ர குரல்?"

மிச்சப் படப்பிடிப்புக்கு ஒழுங்காக வந்தார். வசனத்தைத் தவிர வேறு ஒரு சொல்லும் யாரோடும் பேசவில்லை. நாடகம் முடிந்தபிறகு எங்கள் பக்கமே வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு, ஓய்வுபெற்றுப் போகிற நேரத்தில், தயாரிப்பாளர் என்னிடம் சொன்னார்: "குரலை மாத்தினது பிழையில்லை. சில வேளை மாத்தத்தான் வேணும். அந்தப் பிள்ளையிட்ட சொல்லாமல் விட்டதுதான் பிழை. நான் நேர போய்ச் சொல்லியிருந்தா, அவ என்னை ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டு அடுத்த நாடகத்துக்கு வந்திருப்பா."

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது கதையைக் கேளுங்கள்.

இரண்டாவது தடவை எடுத்தபோது நானே தயாரிப்பாளர், நானே இயக்குநர். எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு ஆளுக்கு மூன்று வேலை. மாதுமைக்கு ஆள் தேடி அலுத்துப்போன நேரத்தில்தான் ரேணுகா வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பெற்றோர் மலைநாட்டில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறியவர்கள். தகப்பன் புறக்கோட்டைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர், இவள் அங்கேயே ஒரு புடவைக்கடையில் விற்பனைக்கு நின்றாள். தேர்வுக்கு வந்த மற்றப் பிள்ளைகள் கமராவைப் பார்த்துப் பேசினார்கள். இவள் தளபதியின் வசனத்தை வாசித்துக்கொண்டிருந்த எங்கள் உதவியாளரைப் பார்த்தாள். பேசாமல் பார்த்தாள். அவர் தடுமாறி, வாசித்த வரியையே திரும்ப வாசித்தார். எனக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. கடை வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

முதல் சில பகுதிகள் ஒளிபரப்பானதும் அழைப்புகள் வரத் தொடங்கின. கோட்டை நன்றாக இருக்கிறது, உடுப்பு நன்றாக இருக்கிறது, இளவரசி கதைக்கிறதுதான் சரியில்லை. ஒருவர், "உங்கட இளவரசி மலைநாட்டில இருந்தோ வந்தவ?" என்று கேட்டார். இன்னும் மோசமாகக் கேட்டவர்களும் உண்டு, அதை நான் எழுதப் போவதில்லை.

விஷயம் பெரும்பாலும் ஒரு எழுத்தில் இருந்தது. வெற்றி, காற்று, நேற்று என்று வருகிற சொற்களை யாழ்ப்பாணத்துக்காரர் நாங்கள் ரகரம் கலக்காமல் ஒரு மாதிரி உச்சரிப்போம். ரேணுகாவின் வாயில் அது "வெட்றி" என்று வரும். மாதுமையின் பேச்சில் அந்த எழுத்து எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள்: "நேற்றுவரை இந்த முற்றத்தில் நின்று வெற்றி வெற்றி என்று முழங்கியவர்களே, இன்று காற்றில் எந்தக் கொடி பறக்கிறது என்றா பார்க்கிறீர்கள்?" அந்தக் காட்சி இன்னும் எடுக்கப்படவில்லை. எல்லோரும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அழைப்புகளை நான் பெரிதாக எடுக்கவில்லை. நாவலாசிரியரின் மகள் தொலைபேசி எடுத்தபோதுதான் பயந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். புத்தகத்தின் உரிமை அவரிடம். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடி வீடொன்றில் தனியாக இருந்தார். நேரில் வரச் சொன்னார். போனேன்.

ஒரு பெரிய மனுசி குறை சொல்லப் போகிறார் என்று எண்ணி, பதிலெல்லாம் ஆயத்தப்படுத்திக்கொண்டு போனேன். அவர் குறை சொல்லவில்லை.

"எங்கட வீடு இப்ப இல்லை," என்றார். "கிணறும் இல்லை. அப்பா எழுதின மேசை, கையெழுத்துப் பிரதி, ஒண்டும் இல்லை. அப்பா அந்தப் பேச்சை எழுதி முடிச்ச அண்டைக்கு எங்களை எல்லாம் இருத்தி வாசிச்சுக் காட்டினவர். அந்தக் குரல்தான் என்னட்ட மிச்சம். இப்ப ரீவியில மாதுமை வேற மாதிரிக் கதைக்கேக்க, அப்பா எப்பிடிச் சொன்னவர் எண்டதே எனக்கு மறந்துபோகுது. அந்தப் பிள்ளையில எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா இப்பிடியே போறதெண்டா அப்பாவின்ர பெயரை எடுத்துவிடுங்கோ. கதையை வைச்சிருங்கோ. பெயர் வேண்டாம்."

நான் ஆயத்தப்படுத்திய பதில்கள் ஒன்றும் உதவவில்லை. என் வீடும் அங்கே யாழ்ப்பாணத்தில், சண்டையில்தான் போனது.

விஷயத்தை, தொலைக்காட்சி நிலையத்தில் எனக்கு மேலே இருந்த நிகழ்ச்சிப் பணிப்பாளரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, நாடகத்தைக் காப்பாற்ற நினைத்தவர். "ஆசிரியரின்ர பெயர் இல்லாமல் இந்த நாடகத்தை ஆர் பார்ப்பினம்? குரலை மாத்துவம்," என்றார். நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வானொலி அறிவிப்பாளர் ஒருவரோடு அன்றைக்கே கதைத்து ஒழுங்கும் பண்ணிவிட்டார். "நடிக்கிற பிள்ளைக்கு மெல்லமாப் பிறகு சொல்லுவம். இப்ப சொன்னா அந்தப் பெரிய காட்சி கெட்டுப்போகும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரிய காட்சிக்கு இன்னும் ஏழு நாள், ஒரு கிழமைதான் இருந்தது. அதற்கு முன் மனம் உடைந்தால் அவள் எப்படி நடிப்பாள்? ஆனால் "பிறகு சொல்லுவம்" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தக் கிராண்ட்பாஸ் வீடு நினைவுக்கு வந்தது. நான் அவருக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

ரேணுகா வீட்டு வாசலில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஆட்கள் இருந்ததால் கோயில் பக்கமாக நடந்துகொண்டே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அழைப்புகள் வந்தது, டீச்சர் தகப்பனின் பெயரை எடுக்கச் சொன்னது, குரலை மாற்றும் யோசனை, எல்லாம்.

அவள் துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். பிறகு, "நா தப்பா பேசுறேனா மேடம்?" என்று கேட்டாள்.

"பிழையில்லை. வேற மாதிரி."

"வேற மாதிரின்னா ஏன் எல்லாரும் தப்புன்னு சொல்றாங்க? ஸ்கூல்ல வெள்ளவத்தைப் புள்ளைங்க சிரிப்பாங்க. கடையில வர்றவங்க நா பேசுறத வச்சே எந்த ஊர் ஆளுன்னு கண்டுபிடிச்சிருவாங்க. டீவியிலயுமா?"

பதில் இல்லாத நேரத்தில் ஆறுதல் சொல்லப் போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் படித்தேன். பக்கத்தில் நடந்தேன்.

"நா அந்த டீச்சரப் பாக்கணும்," என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியாது. டீச்சர் ஏதாவது சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை நாடகத்தை விட்டே போய்விடுவாள். இவள் ஏதாவது சொல்லிவிட்டால் டீச்சர் அன்றைக்கே பெயரை எடுத்துவிடுவார். இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதை நான் கொண்டுவந்து இவளிடம் சொல்கிறேன், இவள் சொல்வதைக் கொண்டுபோய் அவரிடம் சொல்லப் போகிறேன். இந்த ஓட்டத்தில் இரண்டு பேருடைய சொல்லும் என் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வருகிறது. டீச்சர் சொன்ன வீட்டையும் கிணற்றையும் நான் இவளுக்குச் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? எனக்கு அழுகை வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இப்படித்தான் இடையில் நிற்கிறவர்களால் விஷயம் கெட்டுப்போகிறது.

கூட்டிக்கொண்டு போனேன்.

டீச்சர் திகைத்துப்போனார். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிள்ளை. இருக்கச் சொன்னார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ரேணுகா கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை.

"டீச்சர், என் பேச்சு ஒங்களுக்குப் புடிக்கலன்னு மேடம் சொன்னாங்க."

"உம்மட பேச்சில என்ன இருக்கு பிள்ளை? மாதுமை அப்பிடிக் கதைக்க மாட்டாள். அவ்வளவுதான்." பிறகு என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னார். வீடு, கிணறு, மேசை, தகப்பன் வாசித்துக் காட்டிய நாள்.

ரேணுகா கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு வீடுன்னு ஒன்னு இருந்ததே இல்ல டீச்சர்," என்றாள். "லயத்து வரிசையில ஒரு காம்பரா, ஒரே ரூம். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். அம்மா பேசுறதுதான் எங்கிட்ட இருக்கு."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ரயில் ஒன்று சத்தமாகப் போனது.

"மாதுமை குதிரை ஓட்டுவா," என்றாள் ரேணுகா. "எனக்குக் குதிரை ஓட்டத் தெரியாது. பழகினேன். விழுந்து முழங்கால் பேந்து போச்சு. அந்த மாதிரி இதையும் பழகுறேன். ஆனா ஒன்னு டீச்சர். எம் பேச்சு தப்புன்னு சொல்லித் திருத்த வேணாம். மாதுமைக்கு இது வேணும்னு சொல்லுங்க, நா செய்றேன்."

டீச்சர் அவளை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "சரி," என்றார். "மாதுமைக்கு இது வேணும்."

"சொல்லுங்க."

"இங்கிலீஷில பெட்டர் எண்டு சொல்லும். நாக்கு எங்க படுது? அங்கதான். இப்ப வெற்றி எண்டு சொல்லும் பாப்பம்."

அன்று தேத்தண்ணி ஆறித்தான் போனது. நான் பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்து, அறிவிப்பாளரை ஒரு கிழமைக்குப் பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

காட்சியை நுகேகொடையில் வாடகைக்கு எடுத்த கலையகம் ஒன்றில் எடுத்தோம். ஒரு பகல் மட்டும்தான் எங்களுக்கு. பின்னேரம் வேறொரு சிங்கள நிகழ்ச்சிக்காரர் தங்கள் செட்டைக் கொண்டுவந்து இறக்கக் காத்திருந்தார்கள். டீச்சரையும் அழைத்திருந்தேன். மொனிட்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் கொடுத்தோம். ஒளியமைப்பிலேயே நேரம் நிறையப் போய்விட்டது.

ரேணுகா பேசினாள். நேற்று, முற்றம், வெற்றி, காற்று, ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசி வரி முடிந்ததும் டீச்சரைப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரியாச் சொல்லிப்போட்டாள்," என்றார். "ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை." ரேணுகாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பணிப்பாளர் தொலைபேசியில், "முடிஞ்சுதோ? டீச்சர் என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒளியமைப்பாளர் விளக்குகளை அணைக்கக் கையை வைத்துவிட்டார்.

இளம் நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லோருக்கும் திருப்தி. உரிமைக்காரருக்குத் திருப்தி, மேலிடத்துக்குத் திருப்தி, நடித்தவளுக்குத் திருப்தி, நேரமும் முடிந்துவிட்டது. இப்படி எல்லாம் கூடிவரும்போது, ஏதோ குறைகிறது என்று சொல்வதுதான் கஷ்டம். எனக்குக் குறைந்தது. மொனிட்டரில் நான் பார்த்தது இளவரசியை இல்லை. ஒவ்வொரு சொல் வரமுதலும் அவளுடைய கண் ஒரு கணம் உள்ளே போய் அந்த எழுத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தது. தேர்வு நாளில் எங்கள் உதவியாளரைத் தடுமாற வைத்த பார்வை அதில் இல்லை.

"இன்னொரு தரம் எடுப்பம்," என்றேன். "ரேணுகா, இந்த முறை எழுத்தை விட்டிடும். உம்மட மாதிரியே சொல்லும்."

ஒளியமைப்பாளர் விளக்கிலிருந்து கையை எடுத்தார். டீச்சர் கதிரையிலிருந்து எழும்பினார். "ஏன்? சரியாத்தானே சொன்னவள்?" அவருடைய குரலில் கோபத்தைவிட நோவுதான் கூட.

ரேணுகாவுக்குத்தான் கோபம். நேராக என் முன்னால் வந்து நின்றாள். "ஒரு கெழமையா பழகினேன் மேடம். பஸ்ஸுல, குளிக்கிறப்ப, தூக்கத்துல எல்லாம் அதேதான். இப்ப சரியா வந்தா வேணாங்கிறீங்க. எப்பிடிப் பேசினாலும் சரியில்லன்னா நா என்னதான் செய்றது? எதுதான் வேணும் ஒங்களுக்கு?"

"அதைத் தளபதிகளிட்டக் கேளும்," என்றேன்.

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். திரும்பி நடந்து போய் இடத்தில் நின்றாள். நான் கையைக் காட்டினேன்.

அந்தப் பேச்சை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்டேன். கோபம் முதல் வரியில் என்மேல் இருந்தது, இரண்டாவது வரியில் தளபதிகள்மேல் போனது, பிறகு யார்மேல் என்று சொல்ல முடியாத ஒரு பெரிய கோபமாகிப் பேச்சு முழுவதும் நின்றது. எழுத்து எல்லாம் அவளுடைய தாயின் எழுத்து. தளபதியாக நடித்த மூத்த நடிகர் பிரதியில் இல்லாமலே ஒரு அடி பின்னால் போனார். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. வெளியே சிங்கள நிகழ்ச்சிக்காரரின் லொறி ஹோர்ன் அடித்தது. டீச்சர் யாரோடும் பேசாமல் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது என்னிடம் இரண்டு காட்சிகள். எதைப் போடுவது? இரண்டாவதுதான் என்று என் மனம் சொன்னது. ஆனால் நானே தீர்மானித்து ஒளிபரப்பினால், முதல் தடவை நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடுத்த நாள் டீச்சரையும் ரேணுகாவையும் படத்தொகுப்பு அறைக்குக் கூப்பிட்டேன். டீச்சர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன்.

முதலில் வாயைத் திறந்தது ரேணுகா. "முதலாவதைப் போடுங்க மேடம்."

நான் எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"அதுல நா தப்பே விடல. ஒருத்தரும் ஒன்னும் சொல்ல முடியாது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு பிள்ளை நல்லா நடித்தேன் என்று சந்தோஷப்படவில்லை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று சந்தோஷப்படுகிறாள்.

டீச்சர், "இன்னொருக்காப் போடுங்கோ," என்றார். போட்டேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"முதலாவதில," என்றார் மெதுவாக, "தளபதிகள் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினா இந்தப் பிள்ளை திறப்பைக் குடுத்திடுவாள் போல கிடக்கு. இரண்டாவதில குடுக்க மாட்டாள்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குக் காதில இன்னும் உறுத்துது. அதைப் பொய் சொல்லேலாது. ஆனா மாதுமை திறப்பைக் குடுக்கிற பிள்ளை இல்லை. அப்பா அதைத்தான் எழுதினவர்."

"ஆளுங்க போன் எடுப்பாங்களே டீச்சர்," என்றாள் ரேணுகா. "மறுபடி பேசுவாங்களே."

"என்னட்ட எடுக்கச் சொல்லும்."

நான் ரேணுகாவைப் பார்த்தேன். "உம்மட குரல். நீர்தான் சொல்ல வேணும்," என்றேன். "முதலாவதைப் போடச் சொன்னா முதலாவதைப் போடுவன். எனக்குப் பிடிக்காட்டியும் போடுவன்." உண்மையாகத்தான் சொன்னேன். அவள் திரையில் நின்றுபோயிருந்த தன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாவது," என்றாள். உடனே, "அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுறேன். பாத்துப் பயந்துறப் போறாங்க," என்று சிரித்தாள்.

பணிப்பாளரைச் சம்மதிக்க வைப்பது அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. டீச்சரே அவரோடு கதைத்தார். தகப்பனின் பெயர் திரையில் ஓடும் எழுத்தோட்டத்தில் அப்படியே இருந்தது. அந்த அறிவிப்பாளரிடம் நானே நேரில் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டார்.

இந்தக் கதையிலிருந்து, உச்சரிப்பை ஒருபோதும் திருத்தக்கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அதைச் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்துக்கு வேண்டுமென்றால் குதிரை ஓட்டுவது போல அதையும் பழகத்தான் வேண்டும், ரேணுகா அதைச் செய்தும் காட்டினாள். பிறகு வந்த நாடகமொன்றில் யாழ்ப்பாணத்து டாக்டராக நடித்தாள், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் சொல்வது வேறு. ஒரு ஆளின் குரலிலோ முகத்திலோ கை வைக்கிற முடிவை அந்த ஆள் இல்லாத அறையில் எடுக்காதீர்கள். எடுக்கத்தான் வேண்டி வந்தால், முதலில் ஓட்டோ பிடித்துப் போய் அந்த ஆளிடமே சொல்லுங்கள். தயங்கத் தயங்கச் சொல்ல முடியாமலே போய்விடும். அதேபோல, குறை சொல்ல வருகிற வாசகரை எதிரியாக நினைக்காதீர்கள். நாங்கள் தொடுகிற இடத்தில் அவருக்கு ஏதோ நோகிறது. எங்கே நோகிறது என்று கேட்டால் சில பேர் சொல்லுவார்கள்.

அந்தக் காட்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் எதிர்பார்த்தபடி அழைப்புகள் வந்தன. டீச்சர் சொன்னபடியே, ஆசிரியரின் மகளோடு கதையுங்கள் என்று எல்லோருக்கும் அவருடைய இலக்கத்தைக் கொடுத்தோம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தன் வயதை ஒத்தவர்களோடு, தன்னிடம் படித்த மாணவர்களோடு, ஒரே மாடியில் இருந்த அயலவரோடுகூட வாதாடினார் என்று கேள்விப்பட்டேன். "உங்களுக்கு உறுத்துதெண்டா எனக்கும்தான் உறுத்துது. உறுத்தட்டும். அவள் திறப்பைக் குடுத்தவளோ? அதைச் சொல்லுங்கோ முதல்ல!" என்று ஒருவரிடம் சத்தம் போட்டாராம்.

மறுநாள் காலமை எனக்குத் தொலைபேசி எடுத்தார். வாதாடி வாதாடிக் குரல் கம்மிப்போயிருந்தது.

"ஒரு பிழை விட்டிட்டன்," என்றார். "கடைசியா ஒரு பொம்பிளை எடுத்தவ. ஹலோ எண்டவுடனேயே நான் தொடங்கிட்டன். 'உங்களுக்கு என்ன பிரச்சினை? அந்தப் பிள்ளை கதைச்சதில என்ன குறை கண்டனீங்கள்?' எண்டு பொரிஞ்சு தள்ளிப்போட்டன். அவ பாவம், இடையில ஒண்டும் சொல்லாமல் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டவ. நான் மூச்செடுக்கேக்கதான் சொன்னவ..."

"என்ன சொன்னவ டீச்சர்?"

"'டீச்சர், நா ரேணுகாவோட அம்மாங்க. புள்ள நல்லா பேசுனான்னு ஒங்ககிட்ட சொல்லத்தான் எடுத்தேன்' எண்டு."

டீச்சர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

"பிறகு கன நேரம் கதைச்சம்," என்றார். "நான் கதைச்சது அவவுக்கு விளங்கினது. அவ கதைச்சது எனக்கு விளங்கினது."